நாற்பத்தெட்டு அளவு வெல்வெட் கோட்டு

பதினோராம் வளைவுக்கு அந்தக் கோட்டு வந்து சேர்ந்தது ஐப்பசி மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, மழை விட்டு நாற்பது நிமிடம் கழித்து. மைமூன் பீவி சந்தைத் திடலில் தார்ப்பாயை விரித்து, தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டாள். விட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இப்பத்தான் யாரோ கழட்டி வச்சிருக்காங்க, ஒடம்புச் சூடு போகல" என்றாள்.

அந்தப் பெட்டி ஆளில்லாத ஒரு பங்களாவின் பரணில் அறுபது வருடம் கிடந்து அன்று காலைதான் இறங்கியது என்பது அவளுக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். ஆனால் பழைய துணி என்றால் அதில் ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஒன்றில் கற்பூர வாசனை இருக்கும், ஒன்றில் பைக்குள் மடித்த பஸ் டிக்கெட் இருக்கும், இதில் சூடு இருந்தது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மலைப்பாதையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் இருப்பதால் ஊருக்கு அந்தப் பெயர். முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒரு தேயிலை ஆலை, ஒரு மாரியம்மன் கோவில், ஒரு மாதா கோவில், புதன்கிழமை மட்டும் கூடுகிற ஒரு சந்தை. ஐப்பசி தொடங்கி மாசி முடிகிற வரைக்கும் அங்கே பால் உறையாது, இட்லி மாவு பொங்காது, துவைத்த துணி காயாது, அடைக்கு வைத்த முட்டையைக் கோழி நான்காம் நாளே கைவிட்டுவிட்டுப் போய்விடும். இதற்கெல்லாம் பழகிப்போன ஊர்தான் அது.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் கடைத்துணி பத்தாத பெண்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். கீழே சமவெளியில் உள்ள ரெடிமேட் கடைகளில் அளவு நாற்பத்திரண்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் உடம்புள்ள பெண்ணை ஆண்டவன் படைக்கவே இல்லை என்பதுபோல அந்த அலமாரிகள் முடிந்துவிடும். மைமூன் கொண்டுவரும் துணி அப்படியில்லை. அந்தக் காலத்துத் தையல்காரர்கள் முதலில் ஆளைப் பார்த்துவிட்டுப் பிறகு கத்தரிக்கோலை எடுத்தவர்கள், ஆள் நாளைக்கு இன்னும் ஒரு சுற்றுப் பெருப்பாள் என்று தெரிந்து ஒவ்வொரு ஓரத்திலும் ஓர் அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டவர்கள். அதனால் புதன்கிழமை வந்தால் அந்த ஒன்பது பேரும் தார்ப்பாயைச் சுற்றி நிற்பார்கள். பலூன் கை வைத்த ரவிக்கைகளும், கழுத்துவரை பொத்தான் வைத்த கம்பளிக் கோட்டுகளும், இப்போது யாரும் நெய்யாத பூப்போட்ட நைலக்ஸ் துணிகளும் அவர்கள் கையில் மாறி மாறிப் போகும்.

மைமூனுக்கு ஒரு வழக்கம் உண்டு. சந்தையில் வைத்து டேப்பால் யாரையும் அளக்க மாட்டாள். ஒரு பெண் முதன்முதலாக வரும்போது குனிந்து மைமூனின் காதில் தன் அளவைச் சொல்ல வேண்டும், ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு பெட்டி திறக்கும்போதெல்லாம் அந்த அளவுத் துணியை அவளே ஒதுக்கிச் சொன்னவள் கையில் கொடுப்பாள். ஒரே அளவில் இரண்டு பேர் இருந்தால் ஒரு தடவை இவளுக்கு, மறு தடவை அவளுக்கு. ஒருத்தியின் அளவை இன்னொருத்தியிடம் சொல்ல மாட்டாள். சொன்னதைச் சோதிக்கவும் மாட்டாள்.

"வாயால சொன்னது போதும். இது என்ன கோர்ட்டா, சாட்சி கேக்குறதுக்கு?" என்பாள்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி நாகரத்தினம். தேயிலை ஆலையில் எடை போடுகிற கதிரேசனின் மனைவி, வயது ஐம்பத்திரண்டு, எதையும் எண்ணாமல் எடுக்கவும் மாட்டாள் வைக்கவும் மாட்டாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் கீழே ஒரு கடைக்குப் போயிருந்தாள். அங்கே நின்ற பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாடிப்படிக்கு அருகே போய், "ஒரு அக்கா வந்திருக்காங்க, அவங்களுக்கு ஆகுற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு பாரு!" என்று மேலே கத்தினாள். "எந்த அக்காவுக்கு?" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "அந்தா, தூணுகிட்ட நிக்கிறாங்களே!" என்று இவள் கையை நீட்ட, கடையிலிருந்த பதினான்கு பேரும் தூணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த புதன்கிழமை நாகரத்தினம் மைமூனின் காதருகே குனிந்தபோது அவள் நாக்கில் நாற்பத்தெட்டுதான் இருந்தது. வெளியே வந்தது நாற்பத்து நாலு.

சொன்ன சொல்லை அதற்குப் பிறகு மாற்ற முடியவில்லை. துணி வந்தபோதெல்லாம் அவள் கைக்கு நாற்பத்து நாலு அளவே வந்தது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைத் தாழ் போட்டு, பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை வெளியே எடுப்பாள்; முன்பக்கம் ஓர் அங்குலம், பின்பக்கம் ஓர் அங்குலம், ஒரு விலாவுக்கு இரண்டு, இரண்டு விலாவுக்கு நாலு. நாற்பத்து நாலும் நாலும் நாற்பத்தெட்டு. மறுபடி தைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் கனகச்சிதமாக இருக்கும். பதினோரு வருடத்தில் இப்படி அறுபத்து மூன்று துணியைப் பிரித்துத் தைத்திருந்தாள். "நாகரத்தினம் அப்படியொண்ணும் பெருசில்ல, நம்மள்ல அவதான் கொஞ்சம் எளச்சவ" என்று மற்ற எட்டுப் பேரும் சொல்வார்கள். அந்தப் பேச்சை அவள் பெட்டிக்குள் வைத்த நகையைப் போலப் பத்திரமாக வைத்திருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய கொழுந்தன் மாற்றலாகி ஊருக்குத் திரும்பி வந்தபோது, அவன் மனைவி குணவதியும் கூட வந்தாள். நாகரத்தினத்தின் வீட்டிலிருந்து நாற்பத்தோரு படி இறங்கினால் அவள் வீடு. வந்த முதல் புதன்கிழமை குணவதி மைமூனின் காதைத் தேடவில்லை. நிமிர்ந்து நின்று, இடுப்பில் கையை வைத்து, "எனக்கு நாப்பத்தெட்டுங்க்கா. தாராளமாவே எடுத்து வைங்க, மூச்சு விட வேண்டாமா?" என்று சந்தைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். நாகரத்தினம் மட்டும் ஒரு நைலக்ஸ் துணியின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்தே நாகரத்தினத்துக்கு அவளைக் கண்டால் ஆகாது. தன்னுடைய அளவு ஊரில் இன்னொருத்தியிடம், அதுவும் ஒளிவு மறைவில்லாமல், வெயிலில் காய்கிற வற்றல் மாதிரிக் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்தக் கோட்டு வந்தது. நன்றாகப் பழுத்த நாவல்பழத்தின் நிறம். முழங்கால்வரை நீளம், உள்ளே சாம்பல்நிறப் பட்டுத்துணி, முன்னால் கொம்பில் செய்த பன்னிரண்டு பொத்தான். மைமூன் தூக்கிப் பிடித்ததுமே நாகரத்தினத்தின் கண் தோளிலிருந்து தோளுக்கும், விலாவிலிருந்து விலாவுக்கும் ஓடி அளந்து முடித்துவிட்டது. நாற்பத்தெட்டு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது என்னுடையது என்று அவள் உடம்பு முழுவதும் சொன்னது.

மைமூன் அதைக் குணவதியிடம் கொடுத்தாள்.

குணவதி சேலைமேல் அதைப் போட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தானை மாட்டிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவது பொத்தான் மாட்டியதும் கோட்டுக்குள் இருந்த சூடு வெளியே வந்து எட்டு முழத்துக்குப் பரவியது. சுற்றி நின்ற பெண்கள் சால்வையை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்துக் கடையில் வெண்ணெய் உருகித் தாமரை இலையிலிருந்து வழிந்தது. வெண்ணெய்க்காரி, "ஏம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு போட்டுக்கக் கூடாதா?" என்று சலித்துக்கொண்டாள். அதற்கு மேல் அன்று யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. மற்றப் பெண்கள் சிலர் ஆசைக்குப் போட்டுப் பார்த்தார்கள். நிறையாத உடம்பில் அது வெறும் வெல்வெட்டாகத் தொங்கியது. நிறைந்த உடம்பு கேட்டது அது. நாகரத்தினத்தையும் கேட்டார்கள். "எனக்குத் தொளதொளன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

நாகரத்தினத்தின் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாதான் முதலில் மாவைக் கொண்டுபோனவள். குணவதியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இடுப்பிலிருந்த மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்தவள், பேச்சு முடிந்து எடுக்கும்போது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்திருந்ததைப் பார்த்தாள். மறுநாள் ஏழு பாத்திரம் வந்தது. அதற்கு மறுநாள் பத்தொன்பது. அந்த வாரம் முடிவதற்குள் இடம் போதாமல் சண்டை வந்து, பஞ்சாயத்துத் தலைவர் நேரில் வந்து, காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரைக்கும் என்றும், ஒரு நாளைக்கு முப்பத்து நாலு பாத்திரத்துக்கு மேல் கூடாது என்றும் தீர்மானம் போட்டார். முப்பத்தாறு என்று சிலர் சொல்வது தவறு. முப்பத்து நாலுதான், அதில் ஒன்று தலைவர் வீட்டுப் பாத்திரம்.

பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. பால் உறைய வந்தது; பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஈரச் சீருடை கொடியில் காய வந்தது; ஒரு கூடையில் இருபத்தொரு முட்டை வந்து பத்தொன்பது குஞ்சாகத் திரும்பிப் போனது. தபால்காரர் குளிர் காய வந்து உட்கார்ந்தவர், தெருவின் தபால் முழுவதையும் அங்கேயே பிரித்துக் கொடுக்கத் தொடங்க, கடிதம் வரவேண்டியவர்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். கோவில் பூசாரி இது அம்மனின் சூடு என்றார். மாதா கோவில் சாமியார் இது நல்ல வெல்வெட்டுச் சூடு, அதற்குமேல் இல்லை என்றார். இரண்டு பேருடைய மாவுப் பாத்திரமும் அடுத்தடுத்து இருந்தன. கோட்டுக்குச் சொந்தக்காரி யார் என்று நான்கு நாள் பேசினார்கள், அவள் சமையற்காரியாக இருந்திருப்பாள் என்றும், பிள்ளை பெறாத துரைசாணி என்றும். அதற்குள் இட்லி வேகத் தொடங்கியதால் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் குணவதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலைச் சுற்றிலும் வட்டம் வட்டமாகப் பாத்திரங்கள், மடியில் ஒன்று. எழுந்தால் மாவு அமுங்கிவிடும் என்பதால் அவள் அசையாமல் இருந்தாள். நாகரத்தினம் தன் வாசலில் நின்றால் நாற்பத்தோரு படிக்குக் கீழே திறந்த கதவு வழியாக அது நன்றாகத் தெரியும். ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தாள். குணவதி கொட்டாவி விட்டால், திமிரைப் பார் என்று நினைத்தாள். குணவதி தலையை நீட்டிப் பதினோரு மணி பஸ் வளைவில் திரும்புவதைப் பார்த்தால், பஸ்ஸில் போகிறவர்கள் தன்னைப் பார்க்க வேண்டுமாம், அதற்குத்தான் என்று நினைத்தாள்.

ஊருக்கெல்லாம் கோட்டின் சூடு. நாகரத்தினத்துக்கு வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரத்தோடு படி இறங்குகிறவர்களை அவள் எண்ணினாள், பாத்திரத்தோடு ஏறுகிறவர்களை எண்ணினாள், இரண்டும் சரியாக இருந்தால் அதற்காகவும் எரிந்தாள்.

"ஏன் நாகரத்தினம், ஒன்னோட ஓரகத்தி வீட்ல வச்சா நாலு மணி நேரத்துல பொங்கிருது. நீ எங்கதான் வைக்கிற?" என்று ஸ்டெல்லா வேண்டுமென்றே வாசலில் நின்று கேட்பாள்.

"எங்க வீட்டு மாவு எங்க வீட்லயே பொங்கும்."

"பொங்குச்சா?"

"பொங்கும்."

பொங்கவில்லை. கம்பளியைச் சுற்றினாள், பக்கத்தில் வெந்நீர்ப் பானையை வைத்தாள், மாவு கல்லாகக் கிடந்தது. தட்டையான தோசையைத் தினமும் தின்று அலுத்துப்போன கதிரேசன், "தம்பி வீடுதானே, கொண்டுபோய் வச்சா என்ன கொறஞ்சு போயிரும்?" என்று கேட்டார்.

"என் மாவு அடுத்தவ சூட்டுல பொங்க வேண்டாம்" என்றாள் நாகரத்தினம்.

கதிரேசன் தோசையைப் பிட்டுக்கொண்டார். அவருக்கு எடை போடத் தெரியும், மற்றதெல்லாம் தெரியாது.

இரவு பகலாக அவளுக்கு ஒரே கணக்குத்தான். அன்று குனிந்தபோது நாக்கு புரளாமல் இருந்திருந்தால், நாற்பத்தெட்டு அளவில் இரண்டு பேர். ஒரு தடவை அவளுக்கு, ஒரு தடவை இவளுக்கு. அந்த ஐப்பசி ஒன்பது தன்னுடைய முறையாகவே இருந்திருக்கலாம். இப்போது போய் மைமூனிடம் உண்மையைச் சொல்லலாம். ஆனால் சொன்னால் பதினோரு வருடமும் அறுபத்து மூன்று துணியும் பொய்யாகிவிடும், ஊர் முழுவதும் தூணைத் திரும்பிப் பார்க்கும். சொல்லவும் முடியவில்லை, கோட்டை விடவும் முடியவில்லை. இப்படி இருபத்து மூன்று நாள் போனது.

கார்த்திகை இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் குணவதி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். அந்த நேரத்தில் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒன்பது மணிக்கு நாகரத்தினம் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டு நாற்பத்தோரு படியும் இறங்கினாள்.

குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, "யாருங்க அது?" என்றாள் குணவதி.

"நான்தான். சல்லடை குடுக்க வந்தேன்."

"வச்சுட்டுப் போங்க்கா! சாப்ட்டீங்களா?"

"ஆச்சு" என்று சொல்லி, சல்லடையை வைத்துவிட்டு, கோட்டைச் சால்வைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு நாகரத்தினம் படி ஏறினாள். ஏறும்போது இட்லிக் கொப்பரையை இடுப்பில் வைத்தது போலச் சுட்டது. போட்டு, பன்னிரண்டு பொத்தானும் மாட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

கதவைத் தாழ் போட்டாள். போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்கள் தாமாகவே போய் உட்கார்ந்தன. பதினொன்றுவரை ஒரு தடையும் இல்லை. பன்னிரண்டுக்கு ஒரு மூச்சைப் பிடித்தாள், அதுவும் விழுந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, பிரிக்காத ஒரு துணி, ஒரு நூலைக்கூடத் தொடாத ஒரு துணி, அவள் உடம்பை முழுசாக ஒத்துக்கொண்டது. பீரோக் கண்ணாடி சின்னது. அதனால் ஒரு தடவை எட்டி நின்று மேலே பாதியையும், ஒரு தடவை நாற்காலிமேல் ஏறிக் கீழே பாதியையும் பார்த்தாள். நன்றாக இருந்தது. குணவதிக்கு இருந்ததைவிட நன்றாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைக்காமல் இன்னொரு தடவை ஏறிப் பார்த்தாள்.

வெளியே மழை பிடித்தது. எல்லா வீட்டுத் தகரக் கூரையிலும் மழை ஓடியது. நாகரத்தினம் வீட்டுக் கூரையில் மட்டும் விழுந்த துளியெல்லாம் ஆவியாக எழுந்து, அடுப்பிலிருந்து இறக்கிய அண்டா மாதிரி வீடு புகைந்துகொண்டு நின்றது. ஊருக்கு அது போதும்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் ஸ்டெல்லா, இடுப்பில் பாத்திரம்.

"இன்னைக்கு இங்கயா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே வந்து பாத்திரத்தை வைத்தாள். "நாற்காலிய நடுவுல போடு. சுவத்தோரமா உக்காந்தா ஒரு பக்கந்தான் பொங்கும்."

திருடியதற்கு நான்கு விதமான பொய்யை நாகரத்தினம் தயாராக வைத்திருந்தாள். ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்குள் படியில் இறங்கிப் போனவர்களெல்லாம் திரும்பி ஏறி வந்தார்கள், முப்பத்து நாலு பாத்திரமும் வட்டம் கட்டின, கொடி கட்டிச் சீருடையைத் தொங்கவிட்டார்கள், தபால்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஸ்டெல்லா மட்டும் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குணவதிக்குச் சரியா இருந்தது ஒனக்கு எப்படி அளவெடுத்த மாதிரி இருக்கு? நீ அவள விட எளச்சவளாச்சே?"

"கோட்டு ஆளுக்குத் தக்கபடி சுருங்கிக் குடுக்குது" என்றாள் நாகரத்தினம், கண்ணை இமைக்காமல்.

"அப்படியா!" என்றாள் ஸ்டெல்லா. இவ்வளவு சூடு கொடுக்கிற கோட்டு கொஞ்சம் சுருங்கியும் கொடுத்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் அது பரவிவிட்டது.

கடைசியாகக் குணவதி வந்தாள். ஈரத்தலையில் துண்டு, இடுப்பில் மாவுப் பாத்திரம். அவள் முப்பத்தைந்தாவது, வாசலுக்கு வெளியே நின்றாள்.

"தேடிட்டே இருந்தேங்க்கா. காணோமேன்னு பயந்துட்டேன்."

"போட்டுப் பாத்துட்டுத் தரலாம்னுதான் எடுத்தேன்."

"பரவாயில்லைங்க்கா." குணவதி ஓர் அடி முன்னால் வந்தாள். "நாளைக்கும் நீங்களே போட்டுக்கிறீங்களா?"

அதை அவள் அவசரமாகக் கேட்டாள். அந்த அவசரம் நாகரத்தினத்தின் காதில் விழவில்லை. எனக்குத் தானம் செய்கிறாளா இவள், பெரிய மனுஷியா என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"போட்டுக்குவேன். நாளைக்கும் போட்டுக்குவேன், நாளான்னைக்கும் போட்டுக்குவேன்."

"சரிங்க்கா!" என்று சொல்லி, மாவுப் பாத்திரத்தைக்கூட மறந்து வாசலிலேயே வைத்துவிட்டு, குணவதி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனாள். அந்த உடம்பு அப்படித் தாவும் என்று ஊரில் யாருக்கும் அதுவரை தெரியாது.

சனிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் குணவதி கீழே போனாள். ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவோடு ஒரு கல்யாணத்தில் இருந்தாள். திங்கட்கிழமை ஒரு பை முறுக்கோடு திரும்பி வந்து தெருவெல்லாம் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை டீக்கடைப் பெஞ்சில், குளிர்காற்றில், சாதாரணச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மூக்கு சிவக்க டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு யாரோ சொன்னதற்குச் சிரித்தாள்.

நாகரத்தினம் இதையெல்லாம் நாற்காலியிலிருந்தே பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டாள். வியர்வை முதுகில் ஓடியது. இடது கால் மரத்துப்போயிருந்தது; ஆட்டினால் மூன்று பாத்திரம் கவிழும். தலைக்கு மேலே ஈரச் சீருடை சொட்டியது. காதுக்குப் பக்கத்தில் தபால்காரர் தன் மூட்டுவலியைச் சொல்லிக்கொண்டிருந்தார், அது ஐந்தாவது தடவை. யாரும் கோட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை; எல்லாரும் மூடியைத் தூக்கி மாவைத்தான் பார்த்தார்கள். கதிரேசன் இட்லி இட்லியாகச் சாப்பிட்டுவிட்டு, உட்கார இடமில்லாமல் ஆலைக்குச் சீக்கிரமே போய்விட்டார். டீக்கடையிலிருந்து மறுபடியும் சிரிப்புச் சத்தம் வந்தது. எவ்வளவு குளிராக இருக்கும் அங்கே, எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நாகரத்தினம் நினைத்தாள். நினைத்த உடனே, கோட்டு தன்மேல் இருக்கும்போதே, வயிற்றில் பழைய அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது.

மறுநாள் புதன்கிழமை. நாகரத்தினத்தின் வாசலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப்பக்கம்தான் சந்தைத் திடல். ஒன்றரை மணிக்கு மைமூன் ஒரு மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து, உதறி, இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் பிடித்தாள். கிளிப்பச்சை ஜார்ஜெட் ரவிக்கை. பலூன் கை, கையின் முடிவில் வெள்ளை லேஸ், முதுகில் வரிசையாகப் பதினாறு துணிப்பொத்தான். மேகம் விலகி வந்த வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் பச்சையாக வந்தது. அதில் சூடு இல்லை, ஒன்றும் இல்லை. அது வெறும் அழகாக இருந்தது. நாகரத்தினத்தின் கண் தெருவைத் தாண்டிப் போய் அளந்துவிட்டுத் திரும்பியது.

ஐப்பசி ஒன்பதுக்குப் பிறகு அந்த அளவில் வந்த முதல் துணி அது. மைமூன் அதைக் குணவதியின் கையில் கொடுத்தாள். குணவதி அதைத் தோளில் வைத்துப் பார்த்து, லேஸைக் கன்னத்தில் உரசினாள்.

"மைமூனக்கா!" என்று கூப்பிட்டாள் நாகரத்தினம். சந்தைச் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். "மைமூனக்கா! அது அவளுக்குக் குடுக்காதீங்க! போன தடவ அவளுக்கு வந்தாச்சு, இது என் முறை!"

மைமூன் கண்மேல் கையை வைத்துப் பார்த்தாள். "இது ஒன் அளவு இல்ல ரத்தினம்! ஒனக்கு வேற எடுத்து வச்சிருக்கேன், ஊதாவுல!"

"எனக்கு ஊதா வேண்டாம்!"

"இது ஒனக்குத் தொளதொளன்னு இருக்கும்டி!"

சந்தையில் ஆட்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். மீன்காரர் திரும்பினார், வெண்ணெய்க்காரி திரும்பினாள், அறையிலிருந்த முப்பத்து நாலு பாத்திரக்காரிகளும் நிமிர்ந்தார்கள். குணவதி ரவிக்கையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொள்ளப் போனாள்.

"நாப்பத்தெட்டு!" என்று கத்தினாள் நாகரத்தினம். "எனக்கு நாப்பத்தெட்டு! பதினோரு வருஷமா நாப்பத்தெட்டு! வெறும் நாப்பத்து நாலு இல்ல, நாப்பத்தெட்டு!"

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ண நினைத்தாள், நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

மைமூன் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். "அப்ப ரெண்டு பேரு" என்றாள். "அப்ப இது ஒன் முறைதான். வந்து வாங்கிக்க." பிறகு அவள் அடுத்த துணிக்காகப் பெட்டிக்குள் குனிந்துவிட்டாள். மீன்காரர் மீனை வெட்டத் தொடங்கினார். அவ்வளவுதான். ஊர் அந்த எண்ணை வாங்கி எங்கேயோ வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

குணவதி மட்டும் போகவில்லை. ரவிக்கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவுக்கு இந்தப்பக்கம் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கண் சுருங்கியிருந்தது, தாடை இறுகியிருந்தது. மூன்று வருடத்தில் அந்த முகத்தில் நாகரத்தினம் பார்க்காத ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஒவ்வொரு சுருக்கத்தையும் அவள் அறிவாள்.

அதைப் பார்த்ததும் நாகரத்தினத்துக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

"ஐயோ, மாவு!" என்றாள் ஸ்டெல்லா. "இன்னும் அரை மணி நேரந்தாண்டி! பாதியில விட்டா செத்துப் போயிரும்!"

இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு கைப்பிடிக் குளிர் அறைக்குள் வந்தது. ஏழில் தபால்காரர் தொப்பியைத் தேடினார். ஒன்பதில் பெண்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலைவர் வீட்டுப் பாத்திரம் இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். பன்னிரண்டாவது கழன்றதும் முப்பத்து நாலு பாத்திரத்திலும் பொங்கி நின்ற மாவு ஒரே சமயத்தில் புஸ்ஸென்று மூச்சுவிட்டு அமுங்கியது. நாகரத்தினம் கோட்டை நாற்காலிமேல் போட்டாள், மரத்த காலைத் தூக்கி வைத்து ஒரு பாத்திரத்தையும் தட்டாமல் தாண்டி, வெளியே வந்து, தெருவைக் கடந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. நன்றாக இருந்தது.

தார்ப்பாய்க்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"குடு."

"ஒரே ஒரு வாரம் போட்டுட்டுத் தரேங்க்கா."

"என் முறை, குணவதி."

"தெரியுங்க்கா" என்றாள் குணவதி. ஆனால் பிடியைத் தளர்த்தவில்லை. நாகரத்தினம் ஒரு பலூன் கையைப் பற்றினாள். இன்னொரு பலூன் கை குணவதியிடம் இருந்தது. நடுவில் கிளிப்பச்சை ஜார்ஜெட் நாற்பத்தெட்டு அங்குலமும் விரிந்து, காற்றில் ஒரு தடவை உப்பி இறங்கியது.

"இழுக்காதீங்கடி ரெண்டு பேரும்" என்றாள் மைமூன், பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே. "தையல் பழசு."

அவர்கள் இழுக்கவில்லை. விடவும் இல்லை.